மணி சொல்லக்கூடிய தலைவலி

“குழம்பு தாளிச்சுட்டு இருந்தாங்க டாக்டர். கரண்டியைப் போட்டுட்டு தலையைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாங்க. மணி ஏழே முக்கால் இருக்கும்.” மகள் இதைச் சொன்னது மூன்று நாள் கழித்து, அம்மா எங்கள் ஐ.சி.யு.வில் நினைவில்லாமல் கிடந்தபோது. முதல் நாள் வாந்தி எடுத்ததும் பித்தம் என்று நினைத்திருக்கிறார்கள். ஓர் ஊசி போட்டதில் வலி குறைந்தது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

சாதாரணத் தலைவலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. மணி சொல்ல முடிகிற தலைவலிதான் எனக்குப் பயம். மூளையின் அடியில் தமனி கிளை பிரியும் இடத்தில், நைந்த சைக்கிள் டியூப் ஒரு பக்கம் புடைப்பதுபோல் குமிழ் உண்டாகும். அதுதான் அனியூரிசம். ரத்தக்கொதிப்பும் புகைப்பழக்கமும் அதற்குத் தீனி. அது வெடிக்கும் நொடியில் வருவதுதான் அந்தத் தலைவலி. கசிந்த ரத்தமே உறைந்து ஓட்டையைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை நம்ப முடியாது. மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதில் பலர் பிழைப்பதில்லை.

குமிழை உள்ளிருந்தே அடைத்துவிடலாம் என்றால், “மண்டையைத் திறக்காமலா?” என்று உறவினர்கள் நம்பாமல் கேட்பார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைக் குமிழ் வரை கொண்டுபோய், முடி போன்ற பிளாட்டினம் சுருள்களை உள்ளே ஒவ்வொன்றாக நிரப்புகிறோம். லேசான மின்சாரம் செலுத்தினால் சுருள் கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். இத்தாலிய மருத்துவர் குய்டோ குலியெல்மி உருவாக்கிய உத்தி இது. 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்பட்டது. இந்தச் சுருள், மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் போடும் அறுவைசிகிச்சை என இரண்டு வழிக்கும் ஏற்ற 2,143 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களும் அறுவைசிகிச்சையில் 30.6%, சுருளில் 23.7%. அதற்காக எல்லாருக்கும் சுருள் ஒத்துவராது. கழுத்து அகன்ற சில குமிழ்களுக்கும், பெரிய ரத்தக்கட்டி சேர்ந்திருந்தாலும், மண்டையைத் திறந்து கிளிப் போடுவதே நல்லது.

குமிழை அடைத்த பிறகும் எங்களுக்குத் தூக்கமில்லை. குமிழ் வெடித்த 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மூளைத் தமனிகள் சுருங்கிப் பக்கவாதம் வரலாம். அந்தப் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். ஐந்தாம் நாள், “நல்லாத்தானே பேசறாங்க, கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று யாராவது வந்து நிற்பார்கள்.

வலி வந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இந்த ரத்தக்கசிவு அநேகமாகத் தப்பாது. நாளாக ஆக மங்கிவிடும். அந்த அம்மா பிழைத்துவிட்டார். வலது கை இன்னும் முழுசாக வரவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து சி.டி. இருக்கும் மருத்துவமனை இருபது நிமிடத் தூரம்.