கிளிஃப்: தமிழில் வரியுரு

பெங்களூரு அல்சூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மேலே 'அண்ணாமலையார் துணை' என்று வர வேண்டும். அதில் பழைய ணாவும் பழைய லையும்தான் இருக்க வேண்டும் என்று பெண்ணின் தாத்தா சொல்லிவிட்டார். தமிழ்நாடு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் புழங்கிய லை அது, யானைத் தும்பிக்கை போல வளைந்தது. பத்திரிகை வடிவமைக்கும் கணினிச் செயலியை எழுதுவது எங்கள் வேலை. கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "எழுத்து ஒண்ணுதானே அண்ணா, கிளிஃப் மட்டும் எப்படி ரெண்டு?"

அவன் கேட்டதிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. எழுத்து என்பது மனத்தில் இருப்பது. அது திரையில் எந்தக் கோட்டு வடிவமாக விழுகிறதோ, அதுதான் கிளிஃப். செதுக்குவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்த சொல். எகிப்தின் ஹைரோகிளிஃப் என்றால் புனிதச் செதுக்கல். ஆங்கிலத்தில் முதலில் கட்டடக்கலையில் அலங்காரமாக வெட்டும் பள்ளத்தைக் குறித்து, அப்புறம் அச்சுக்கும் கணினிக்கும் வந்தது.

தமிழில் இதைப் புரிந்துகொள்ள 'கொ' போதும். நமக்கு அது ஓர் எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் இரண்டு எண்கள்: க, ஒகரக் குறி. திரையிலோ மூன்று துண்டுகள்: கொம்பு, க, கால். 'கு' நேர்மாறு; இரண்டு எண்கள் சேர்ந்து ஒரே வடிவமாகிவிடும். எந்த எண்ணுக்கு எந்த வடிவம், எது முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற நிரல். அது சரியாக இயங்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஒற்றைக்கொம்பு, துணைக்கால், சங்கிலிக்கொம்பு என்று ஒன்றாம் வகுப்பிலேயே பெயர் சொல்லிப் படித்தவர்கள் நாம். கிளிஃப் நமக்குப் புதிய கருத்தே இல்லை, பொதுப்பெயர்தான் வேண்டும். எழுத்துரு என்பதை ஃபான்டுக்குக் கொடுத்துவிட்டோம். வரிவடிவம் நல்ல சொல். ஆனால் இலக்கணத்தில் அது ஒலிவடிவத்துக்கு எதிராக நிற்பது, முழு எழுத்தைக் குறிப்பது. தனியே கிடக்கும் ஒரு கொம்பை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'வரியுரு' என்பதே என் தேர்வு. வரி என்றால் கோடு, எழுத்து என்றும் பொருள் உண்டு. எழுத்துருவுக்குள் வரியுருக்கள் என்று சொல்லும்போது உறவும் தெளிவாகிறது.

சரி, தாத்தாவின் லை? கணினிச் செயலிகளை எழுத உதவும் கியூட் (Qt) என்ற நிரல் சட்டகத்தின் 6.7 பதிப்பு 2024இல் வந்தது. ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில், எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் மாற்று வடிவங்களை நிரலிலிருந்தே இயக்கவும் அணைக்கவும் அதில் வழி உண்டு. எழுத்துருவில் பழைய வரியுருக்கள் தனி அம்சமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒன்றைப் போட்டு, அந்த ஒரு வரிக்கு மட்டும் இயக்கினோம். பழைய ணா, பழைய லை இரண்டும் வந்தன. உள்ளே இருக்கும் எண்கள் மாறவில்லை. இன்றைய விசைப்பலகையில் 'அண்ணாமலையார்' என்று தட்டித் தேடினாலும் அந்த வரி கிடைக்கிறது.