துகள் போன பிறகு எரியும் குழாய்கள்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும், மின்னூட்டமுள்ள மியூவான் என்ற நுண்துகள் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நானோ விநாடி போதும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் போன வழியைப் படம்பிடிக்க, 1955-இல் இத்தாலியின் பீசா நகரில் கான்வெர்சி, கோட்ஸீனி என்ற இருவர் எளிமையான ஒரு கருவியை உருவாக்கினார்கள். நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள், அவ்வளவுதான். உள்ளே கம்பிகூடக் கிடையாது.

மின்னூட்டமுள்ள துகள் வாயுவைத் துளைத்துப் போகும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் உள்ள நியானில், சென்டிமீட்டருக்குச் சுமார் 40. இது மிகச் சொற்பம். அதனால் பெருக்கியாக வேண்டும்.

குழாய்களை உலோகத் தகடுகளுக்கு நடுவே அடுக்கி, மேலும் கீழும், துகள் கடந்தால் மின் துடிப்பு தரும் துகள் எண்ணிகளை வைக்கிறார்கள். இரண்டு எண்ணிகளும் சேர்ந்தாற்போல் துடித்தால் ஏதோ ஒரு துகள் ஊடே போயிருக்கிறது. உடனே தகடுகளில் உயர் மின்னழுத்தத் துடிப்பு பாய்கிறது. சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட். விடுபட்டுத் திரிந்த எலக்ட்ரான்கள் வேகமெடுத்து மற்ற அணுக்களில் மோத, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, குழாய் நெடுகச் செம்மஞ்சள் ஒளி பரவுகிறது. துகள் தொடாத குழாயில் தொடங்கிவைக்க எலக்ட்ரான் இல்லை, அது இருண்டே கிடக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்வது, மின்னழுத்தம் துகளுக்குப் பின்னால் வருவதுதான். துடிப்பு வர ஒரு மைக்ரோ விநாடி ஆனால், துகள் அதற்குள் 300 மீட்டர் போயிருக்கக்கூடும். இருந்தும் தடம் அழிவதில்லை. நியான் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. அவை பல மைக்ரோ விநாடிகள் உள்ளேயே அலைகின்றன. ஆக்சிஜன் கலந்துவிட்டால் கதை வேறு, அது எலக்ட்ரான்களை விழுங்கிவிடும். சரி, மின்னழுத்தத்தை எப்போதும் போட்டே வைத்தால் என்ன? வந்த துகளெல்லாம் குழாயை எரியவைக்கும், வேண்டிய தடத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

ஒளிர்வு தானாகவே அடங்குகிறது. கண்ணாடியின் உட்சுவரில் சேரும் மின்னூட்டங்கள் எதிர் மின்புலத்தை உண்டாக்கி, எலக்ட்ரான்கள் பெருகி ஒளிரும் மின்னிறக்கத்தை நிறுத்திவிடுகின்றன.

தனிக் குழாய்க்குச் சொல்லத் தெரிந்தது, துகள் போனதா இல்லையா என்பது மட்டும். அடுக்குகளைச் சற்றே தள்ளித் தள்ளி வைத்து, குழாய் முனைகளைக் கேமராவில் எடுத்தால், புள்ளிகள் கோடாகத் தெரியும். குறுக்கு அடுக்குகளும் சேர்ந்தால் முப்பரிமாணப் பாதை கிடைக்கிறது.

1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இந்திய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வகைக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆழத்துக்கு வானிலிருந்து வரும் மியூவான்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே இறங்கும். கிட்டத்தட்டக் கிடைமட்டமாக ஓடிய தடம் என்றால், அது பெரும்பாலும் பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ (பாறையையும் எளிதில் ஊடுருவும், மின்னூட்டமற்ற துகள்) மோதிப் பிறந்த மியூவான். காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் முதன்முதலில் பிடிபட்ட சோதனைகளில் அதுவும் ஒன்று.