கேரியரில் தொங்கும் கால்

பொங்கல் விடுமுறை முடிந்து மருத்துவமனை திறந்தால், எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு குதிகாலாவது வந்துவிடும். இந்த வருடம் ஆறு வயதுப் பையன், அப்பா தோளில் சாய்ந்தபடி வந்தான். காலைச் சுற்றி ஈரத்துண்டு. அவிழ்த்தால் காயத்தில் காபித்தூள் அப்பியிருந்தது.

"குடும்பத்தோட கல்லணைக்கு சைக்கிள்ல போனோம் டாக்டர். கேரியர்ல உக்காந்து வந்தவன் தூங்கிட்டான் போல. திடீர்னு வீல் நின்னுருச்சு."

அவன் பாதத்தைக் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே கால் போகும்போது குதிகாலின் பின்பக்கத் தோல் நசுங்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எலும்பு நன்றாகத்தான் இருக்கும். பெற்றவர்களுக்கு உயிர் வரும். எனக்கு அத்தனை சீக்கிரம் நிம்மதி வராது. முதல் நாள் வெறும் சிராய்ப்பாகத் தெரிகிற தோல், இரண்டு மூன்று நாளில் கறுத்துச் செத்துப்போகலாம். சிலருக்கு வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரும். 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னதோடு வராமல் இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் பயம்.

திருச்சியிலிருந்து கல்லணை சுமார் 15 கிலோமீட்டர். அதற்குப் புளிசாதம், ஜமுக்காளம், ஷட்டில் மட்டை எல்லாம் முதல் நாளே தயாராகிவிடுகின்றன. பின்னால் உட்காரும் பிள்ளை காலை எங்கே வைக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேரியர் மூட்டை கட்டுவதற்கான இடம். பிள்ளைக்கு முதுகுச் சாய்மானம், பெல்ட், கால் வைக்கும் தட்டு மூன்றும் உள்ள இருக்கை வேண்டும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலையோ தகடோ போட்டு மறைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து லேடீஸ் சைக்கிளில் சேலைக்காகப் போட்டிருந்தார்களே, அதே வேலைதான். ஒரு வயது நிரம்பாத குழந்தையை ஏற்றவே வேண்டாம். கழுத்து நிற்பது வேறு, குலுங்கலில் கழுத்து நிற்பது வேறு.

மூட்டை கட்டுவதில் என் விதி ஒன்றுதான்: எதுவும் தொங்கக் கூடாது. துப்பட்டா, பையின் வார், அவிழ்ந்த ஷூ லேஸ், எதுவும். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஹேண்டில்பாரில் மஞ்சப்பையை மாட்டி, உள்ளே தூக்குவாளியில் தயிர்சாதம் எடுத்துப் போனவன் நான். ஒரு பள்ளத்தில் பை ஆடி முன்சக்கரத்துக்குள் போனது. தயிர்சாதத்தின் மேலேயே விழுந்தேன். மணிக்கட்டு தப்பியது கடவுள் புண்ணியம். கனமானதைப் பின்கேரியரில் தாழ்வாக வைத்துப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டிய பிறகு டியூபின் நுனியையும் செருகிவிடுங்கள். அந்த எடையோடு தெருவில் ஒரு சுற்று வந்து பிரேக் பிடித்துப் பார்த்துவிடுங்கள். வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்த்தான் வண்டி நிற்கும்.

தனியாக ஓட்டும் பிள்ளைக்கு, சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையைத் தொட வேண்டும். 'வளர்ற பிள்ளைதானே' என்று அண்ணனுக்கு அரசு கொடுத்த பிளஸ் ஒன் சைக்கிளைத் தம்பியிடம் தள்ளிவிடாதீர்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிந்தால் அது தொப்பிதான். தூரத்தை உங்கள் கால் பலத்தை வைத்துக் கணக்குப் போடாமல், கடைக்குட்டியின் கால் பலத்தை வைத்துப் போடுங்கள்.

பஞ்சர் சாமான், பம்பு, ஸ்பேனர் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். பம்பு உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். மருந்துப் பையில் காஸ் துணி, பிளாஸ்டர், கிரேப் பேண்டேஜ் என்கிற இழுபடும் கட்டுத்துணி, நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் பொடி. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகக் கெட்டியாகக் கலக்காதீர்கள். கூடவே காயம் கழுவ மட்டும் ஒரு லிட்டர் குடிதண்ணீர் தனியாக.

கால் சிக்கிக்கொண்டால் வெளியே இழுக்காதீர்கள். ஒருவர் பிள்ளையைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால் பல நேரம் கால் வந்துவிடும். வரவில்லையென்றால் கம்பியை வெட்ட ஆள் கூப்பிடுங்கள். பிறகு தண்ணீரை ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலைத் தூக்கி வைத்தபடி கொண்டுவாருங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்போம். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். அந்தப் பையன் காயத்திலிருந்து காபித்தூளைக் கழுவி எடுக்கவே அரைமணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அவன் அப்பாவின் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தான்.