லைவ்ல கத்தாதீங்க, மைக்கை கிட்ட கொண்டு வாங்க

டிவி ரிப்போர்ட்டர், ஆங்கர் யாராவது என்கிட்ட வந்தா முக்காவாசி பேர் முதல்ல சொல்றது ஒண்ணுதான். "மேடம், தொண்டை கட்டிக்கிச்சு, நாளைக்கு லைவ் இருக்கு, எப்படியாவது சரி பண்ணி விடுங்க". நான் ஸ்பீச் தெரபிஸ்ட், குரலை வச்சு பொழைக்கிறவங்களோடதான் என் வேலையே. டீச்சர்ஸ் வருவாங்க, பாடுறவங்க வருவாங்க, ஆனா டிவிக்காரங்கதான் குரல் சுத்தமா போற வரைக்கும் தள்ளிப்போட்டுட்டு கடைசில வருவாங்க. லீவு போட்டா அடுத்த பெரிய செய்திக்கு வேற ஆளை அனுப்பிடுவாங்களோன்னு பயம். அது நியாயமான பயம்தான்.

நிறைய பேசுறதாலதான் குரல் போகுதுன்னு நினைக்கிறாங்க. அதுவும் ஒரு காரணம்தான், ஆனா இந்த வேலைல பெரிய எதிரி சுத்தி இருக்குற இரைச்சல். இரைச்சல் கூடக்கூட நம்மள அறியாமலே நம்ம குரல் உசந்துடும், லொம்பார்ட் எஃபெக்ட்னு சொல்வாங்க, எட்டியன் லொம்பார்ட்ங்கிற பிரெஞ்சு இஎன்டி டாக்டர் 1911லயே எழுதி வச்சது. "இன்னைக்கு கத்த மாட்டேன்"னு முடிவு பண்ணிட்டு போனா மட்டும் நிக்காது, கூட்டத்துக்கு நடுவுல நின்னதும் தானா கத்த ஆரம்பிச்சிருவோம்.

ஃபீல்டுல நிக்கிற ரிப்போர்ட்டர் நிலைமை இதைவிட மோசம். பின்னாடி கோஷம், பக்கத்துல ஜெனரேட்டர், காதுல இயர்பீஸ், அதுல ப்ரொட்யூசர் "இன்னும் 20 செகண்ட் இழுங்க"ன்னு சொல்லிட்டு இருப்பார். ஸ்டுடியோலேந்து வர்ற ஆடியோல ரிப்போர்ட்டரோட குரலை மட்டும் நீக்கிட்டு மத்ததைத்தான் அவங்க காதுக்கு அனுப்பணும், மிக்ஸ் மைனஸ்னு பேரு, அதை செட் பண்ணாம விட்டா அவங்க பேசினது அவங்க காதுலயே கொஞ்சம் லேட்டா வந்து விழும், நாக்கு குழறும், அதை அமுக்கிட்டு பேசணும்னு இன்னும் சத்தம் போடுவாங்க. பாக்குறவங்களுக்கு என்னமோ ரிப்போர்ட்டர் தடுமாறுற மாதிரிதான் தெரியும்.

இதுக்கு மருந்து தொண்டைல இல்ல, மைக்ல இருக்கு. வாய்க்கும் மைக்குக்கும் இருக்குற தூரத்தை பாதியாக்குனா மைக்குக்கு போற உங்க குரல் சுமார் 6 டெசிபல் கூடும், பின்னாடி இரைச்சல் அப்படியே இருக்கும். அதாவது நீங்க கொஞ்சம்கூட கத்தாமலே கூட்டத்தை மீறி கேக்கும். நெஞ்சுகிட்ட பிடிச்சிருக்குற மைக்கை தாடைக்கு கிட்ட கொண்டு வாங்க, முடிஞ்சா ஜெனரேட்டரை விட்டு தள்ளி நின்னு பாருங்க. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, ஒவ்வொரு மணி நேரமும் லைவ் கொடுக்குறவ, இதை மட்டும் மாத்தினா. அடுத்த தடவை வந்தப்போ ஷிஃப்ட் முடிஞ்சதும் தொண்டைல வர்ற வலி பாதியா குறைஞ்சிருக்குன்னு சொன்னா.

விவாத நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கும் இதேதான். நாலு பேர் ஒரே நேரத்துல பேசுறப்போ அவங்களைவிட சத்தமா கத்தி அடக்கணும்னு எந்த அவசியமும் இல்ல, பிசிஆர்ல, அதாவது நிகழ்ச்சியை இயக்குற கன்ட்ரோல் ரூம்ல, உக்காந்திருக்குற சவுண்ட் இன்ஜினியர் விரலை நகர்த்தினா போதும், மத்தவங்க மைக் இறங்கிடும். நிகழ்ச்சிக்கு முன்னாடியே ஒரு கை சைகை பேசி வச்சுக்கோங்க. ஆங்கர் கத்துறதுதான் நிகழ்ச்சிக்கு களைன்னு நினைக்கிற ஆசிரியர் குழுக்கள் இருக்கு, அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், தினமும் அப்படி கத்தினா தொண்டைக்குள்ள அதிர்ந்து சத்தம் எழுப்புற குரல் நாண் ரெண்டுலயும் காய்ப்பு வரலாம், கரகரப்பு அதுக்கு அறிகுறி, ஸ்டைல் இல்ல.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. வேலைக்கு சேர்ற சின்ன பொண்ணுங்ககிட்ட "குரல் கீச்சுன்னு இருக்கு, கீழ இறக்கி பேசு, அப்பதான் கம்பீரமா இருக்கும்"னு சொல்றது. பெண்களோட குரல் நாண் ஒரு செகண்டுக்கு சுமார் 200 தடவை அதிருது, ஆண்களுக்கு 100லேந்து 120 தடவை, இது உடம்போட அமைப்பு. அதை அமுக்கி இறக்கி வருஷக்கணக்கா பேசினா வலிதான் மிஞ்சும். தெளிவும் நிதானமும் கொண்டு வர்றதுக்கு சுருதியை மாத்தத் தேவையில்ல, மூச்சு விடுற இடத்தை சரி பண்ணினா போதும், அதை ஒரு தெரபிஸ்ட்கிட்ட கத்துக்கலாம்.

தொண்டை கட்டினா நிறைய பேர் கிசுகிசுன்னு பேசுவாங்க, அது ஓய்வுன்னு நினைச்சு. பலருக்கு அதுல கழுத்துத் தசை இன்னும் இறுகுது, அதுக்கு பேசாம இருக்குறதே மேல். அடிக்கடி தொண்டையை செருமுறதும் அப்படித்தான், நாண் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும், ஒரு வாய் தண்ணி குடிங்க.

இதை மட்டும் தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. கத்திட்டு இருக்கும்போதே திடீர்னு குரல் போச்சுன்னா உள்ள ரத்தக்கசிவா இருக்கலாம், அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திட்டு இஎன்டி டாக்டரை பாக்கணும், ஸ்டீராய்டு மாத்திரை போட்டு லைவை ஓட்டலாம்னு நீங்களா முடிவெடுக்காதீங்க, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையும் கசிவை கூட்டும். மெதுவா வந்த கரகரப்பு 4 வாரம் தாண்டியும் போகலன்னா கண்டிப்பா உள்ள பாக்கணும், புகை பிடிக்கிறவங்க அவ்ளோ நாள்கூட காத்திருக்க வேணாம். ஒரு சின்ன கேமராவை மூக்கு வழியாவோ வாய் வழியாவோ விட்டு "ஈ"ன்னு சொல்லச் சொல்லுவாங்க, சில நிமிஷ வேலை, முடிஞ்சதும் அன்னைக்கே வீட்டுக்கு போயிடலாம்.