வழங்கல்: 'டிஸ்ட்ரோ'வுக்கு உரிய தமிழ்ச்சொல்

வழங்கல் என்பது வன்பொருளை இயக்கும் உள்மையமான லினக்ஸ் கெர்னலையும், க்னூ கருவிகளையும், திரைச்சூழலையும், மென்பொருள் களஞ்சியத்தையும் ஒரு குழு தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து அளிக்கும் முழு இயங்குதளம். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, டிரிஸ்குவெல் எல்லாம் வழங்கல்களே. ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூஷன். பேச்சில் அதைச் சுருக்கி டிஸ்ட்ரோ என்கிறோம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கெர்னலை மட்டுமே. எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் முதலிய கருவிகள் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வந்தன. இவற்றைத் தேடித் தொகுத்துக் கணினியில் ஏற்றுவது எளிதாக இல்லை. அந்த வேலையைப் பிறருக்காகச் செய்துதந்தவர்கள்தாம் முதல் வழங்கல்களை உருவாக்கினார்கள். 1993-இல் தொடங்கிய ஸ்லாக்வேரும் டெபியனும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்ற பெயர் லினக்ஸுக்கு மூத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1978-லேயே லினக்ஸின் முன்னோடி இயங்குதளமான யூனிக்ஸுக்கான தன் நிரல்களை 'பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்ற பெயரில் காந்த நாடாக்களில் அனுப்பியது. சொல்லின் மூலம் லத்தீன். பிரித்துக் கொடுத்தல் என்பது அங்கே அதன் பொருள்.

தமிழில் பதிப்பு, பரவல், விநியோகம் என்றும் எழுதுகிறார்கள். பதிப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். டெபியன் ஒரு வழங்கல். 2023-இல் வந்த டெபியன் 12 அதன் ஒரு பதிப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் புதிதாக வருபவர் குழம்பிப்போவார். பரவல் தானே நிகழ்வது. அதில் கொடுப்பவர் இல்லை. விநியோகம் என்றால் சரக்கு கைமாறுவதுதான் நினைவுக்கு வருகிறது.

வழங்கு என்ற வினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. 'ஆற்றின் அளவறிந்து ஈக அதுபொருள் போற்றி வழங்கு நெறி' என்னும் குறளில் (477) அது கொடுத்தல். 'வான்நின்று உலகம் வழங்கி வருதலான்' (11) என்னுமிடத்தில் நிலைபெற்று நடந்துவருதல். மென்பொருளைக் கொடுப்பதோடு நில்லாமல், பிழை திருத்தி, பாதுகாப்பு இற்றைகளை (அப்டேட்களை) அனுப்பி, ஆண்டுக்கணக்கில் நடத்திவருவதுதான் டெபியன் போன்ற குழுக்களின் பெரும்பணி. இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: 'வழங்கி' என்பது சர்வருக்குப் புழக்கத்தில் உள்ள சொல். ஆகவே வழங்கலை உருவாக்குவோரை 'வழங்குநர்' என்றே எழுதுங்கள்.

கொடுப்பவர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு நெறியும் இருக்கும். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதில்தான் வழங்கல்கள் வேறுபடுகின்றன. டெபியன் 1997-இல் தன் சமூக ஒப்பந்தத்தை வெளியிட்டது. எது கட்டற்ற மென்பொருள் என்று அது வகுத்த அளவுகோலே மறு ஆண்டு 'ஓப்பன் சோர்ஸ்' எனப்படும் திறமூல மென்பொருளின் வரையறைக்கு அடிப்படையானது. கட்டற்றது என்றால் இலவசமானது என்று பொருளில்லை. இயக்க, ஆராய்ந்து மாற்ற, பகிர, மாற்றியதையும் பகிரப் பயனருக்கு உரிமை இருக்கவேண்டும். அந்த அளவுகோலில் தேறாதவற்றை டெபியன் தனிப்பிரிவில் வைக்கிறது. அப்படி ஒரு பிரிவு இருப்பதே தவறு என்பது ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. அதனால் அதன் பரிந்துரைப் பட்டியலில் டெபியன் இல்லை. டிரிஸ்குவெல், பாரபோலா, கிக்ஸ் போன்றவை உண்டு.

இந்தப் பிளவின் கூர்முனை ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள்ளேயே இயங்கும் மென்பொருள். பல மடிக்கணினிகளின் வைஃபை சில்லு, தயாரிப்பாளர் மூலநிரலைத் தராத ஒரு சிறு கோப்பு இல்லாமல் இயங்காது. டிரிஸ்குவெல் அதைத் தராது. டெபியனோ 2022-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, அத்தகைய கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க முடிவுசெய்தது. எவை ஏற்றப்பட்டன என்று பயனருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதும் அந்தத் தீர்மானத்தில் உண்டு. இது விட்டுக்கொடுத்தல் என்று வருந்துவோரின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் இணையமே கிடைக்காத கணினியோடு ஒரு மாணவரைத் தனியே விடுவதைவிட, எந்தக் கோப்பு கட்டுடையது என்று சொல்லிக் கொடுப்பது மேல் என்றே நான் கருதுகிறேன்.

எனவே வழங்கலைத் தேர்ந்தெடுக்கும்போது திரையின் அழகைப் பிறகு பாருங்கள். முதலில் டிரிஸ்குவெலை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். வைஃபை வேலை செய்தால் அதையே நிறுவுங்கள். செய்யாவிட்டால் டெபியனை நிறுவி, கட்டுடைய கோப்புகளில் எவை உங்கள் கணினியில் ஏறின என்று பாருங்கள். அடுத்த கணினி வாங்கும்போது எந்தச் சில்லைத் தவிர்க்கவேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.