ஓலையில் ஏன் புள்ளி வைக்கவில்லை?

பழைய பனையோலைச் சுவடியைப் படிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே திணறிப்போவோம். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது.

காரணம் எழுத்தாணி. ஓலையில் எழுதுவது என்பது கீறுவது. வேகவைத்து உலர்த்தி வழவழப்பாக்கிய ஓலையை இடக்கையில் பிடித்துக்கொள்வார்கள். மேசை கிடையாது. இடது பெருவிரல் நகத்தில் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டி, வலக்கையில் உள்ள ஆணியை அதில் சாய்த்துக்கொண்டு, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதுவார்கள். கீறி முடித்ததும் ஓலையில் ஒன்றும் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசித் துடைத்தால், கரி கீறலுக்குள் மட்டும் தங்கும். அப்புறம்தான் எழுத்து கண் திறக்கும்.

ஆணியை ஓரிடத்தில் குத்தினால் ஓலை பொத்துவிடும். அதனால், மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஏட்டில் எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். ‘கொல’ என்று கீறியிருந்தால் கொல, கொல், கோல, கோல் என எப்படியும் படிக்கலாம். போதாததற்குத் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரு சொல்லைத் தீர்மானிக்கவே எத்தனை ஏடுகளை ஒப்பிட வேண்டியிருந்தது என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

ஓலை கிழியும் என்பதால்தான் எழுத்து வட்டமானது என்றும் சொல்வார்கள். ஒடியா, சிங்கள எழுத்துகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. தமிழுக்கு முழுதாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ட, ப இரண்டும் நேர்கோடுகளால் ஆனவைதானே!

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏ, ஓ நெடில்களுக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் தனி வடிவம் கொடுத்தார். அச்சு அவற்றை நிலைநிறுத்தியது. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளை மாற்றியது. ணை, லை, ளை, னை நான்கும் அதுவரை சுமந்திருந்த, யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போனது. ஆனால் என் பாட்டி கடைசிவரை அந்தத் தும்பிக்கையோடுதான் ‘பிள்ளை’ எழுதினார். பேனா மேலே ஏறி, வளைந்து, ஒரே இழுப்பில் இறங்கும். இன்று அவருடைய கொள்ளுப்பேத்தி கைபேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறாள். ‘பிள்ளை’ தானாகவே வந்துவிடுகிறது. அவள் விரல் ஒரு சுழிகூடப் போடவில்லை.