நொடியை எண்ணிப் பழகிய கை

சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஜப்பானியக் கை அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள். அப்போது நொடிக்கு 8 ஓவியம். ஐந்து நொடிக் காட்சிக்கு 40.

பின்னாளில் அனிமேஷன் பட இயக்குநரான ஹயாவோ மியாசாகி 1963-ல் டோக்கியோவின் தோயே ஸ்டுடியோவில் சேர்ந்தபோது செய்தது இடை ஓவிய வேலை. அசைவின் முக்கியமான நிலைகளை மூத்தவர் வரைந்து தருவார். நடுவில் வருவதைப் புதியவர் நிரப்ப வேண்டும். சுலபம்போலத் தெரியும். தோளிலிருந்து நீட்டிய கை 90 பாகை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல்நுனியின் இரண்டு நிலைகளையும் நேர்கோட்டால் இணைத்து நடுப்புள்ளியில் கையை வரைந்தால், அதன் நீளம் 71 சதவீதமாகக் குறைந்துவிடும். ஓடவிட்டுப் பார்த்தால் கை சுருங்கி நீளும். நுனி வில்போல வளைந்துதான் போக வேண்டும். இடைவெளியும் ஒரே சீராக இருக்கக் கூடாது. கிளம்பும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் ஓவியங்கள் நெருக்கமாக, நடுவில் தள்ளித்தள்ளி. இல்லாவிட்டால் கைக்கு எடையே இருக்காது.

இன்னொரு வில்லங்கம்: பின்னணி ஒவ்வொரு பிரேமுக்கும் நகர்கிறது, நடப்பவர் மூன்று பிரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறார். பாதம் தரையில் வழுக்கும். அந்த இடத்தில் பிரேமுக்கு ஓர் ஓவியம் வரைந்தே தீர வேண்டும். செலவு மூன்று மடங்கு.

இந்தக் கணக்கு கைக்குப் பழகியவர் இயக்குநரானால் என்ன ஆகும்? வரையாத இயக்குநரும் சிறக்க முடியும். இசாவோ தகாஹாதா அப்படித்தான். 1974-ல் அவர் இயக்கிய 52 வாரத் தொலைக்காட்சித் தொடருக்கு, கேமரா எங்கே, ஆள் எவ்வளவு பெரிதாக, எந்தப் பக்கம் நகர்கிறார் என்று காட்டும் லேஅவுட்களை வரைந்தவர் மியாசாகி. இயக்கத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இருந்திருக்காது என்றே சொல்லலாம். முதல் முழுநீளப் படத்தை மியாசாகி இயக்கியது 1979-ல்.

படத்தின் காட்சிகளை வரிசையாகச் சிறு ஓவியங்களில் காட்டும் ஸ்டோரிபோர்டை வரையும்போது அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். அசைவை மனதுக்குள் நடத்திப் பார்த்து அழுத்துவார். தாளின் ஓரத்தில் ‘3+12’ என்றிருந்தால் மூன்று நொடி, பன்னிரண்டு பிரேம். ஆக 84 பிரேம். நடிகரை வைத்து எடுக்கும் படத்தில் நிறைய எடுத்துவிட்டுப் பிறகு வெட்டலாம். இங்கே வெட்டி எறிகிற ஒவ்வொரு நொடியும் ஒருவர் உட்கார்ந்து வரைந்த எட்டுத் தாள். அதனால் எடிட்டிங்கில் பெரும்பகுதி, வரையத் தொடங்கும் முன்பே அந்தத் தாளோரத்தில் முடிந்துவிடுகிறது.